காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால்: மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மனுவோடு காவல் நிலையத்துக்குப் போய், "இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார், நாளை வாருங்கள்" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்குத் துணையாகப் போகத் தொடங்கியிருக்கும் புதிய தன்னார்வலர்களுக்கும் இது பயன்படும்.

எங்கள் தெருவில் வீட்டு வேலைக்குச் செல்லும் ஒரு அக்கா, கந்துவட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டார். வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கட்டிய பிறகும், வெற்றுப் பத்திரத்தில் வாங்கிய கையெழுத்தைக் காட்டி மிரட்டினார்கள். ஒரு நாள் மாலை வீடு புகுந்து அடித்தார்கள். அந்தப் புகார் வழக்காகப் பதிவாகும்வரை அவரோடு அலைந்தேன். சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் எந்த அலுவலகத்துக்கு எந்த வரிசையில் போக வேண்டும், போனதற்கு எதை அத்தாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. கண்காணிப்பாளர், நிலையத்தில் கொடுத்தாயா என்று கேட்பார். நீதிமன்றம், கண்காணிப்பாளருக்கு அனுப்பினாயா என்று கேட்கும். இரண்டு கேள்விக்கும் வாயால் பதில் சொன்னால் போதாது, தாள் வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தத் தாளைச் சேர்ப்பதைப் பற்றியவை.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. தட்டச்சுக் கடைகளில் இன்னும் பழைய மாதிரி மனுக்களே கிடக்கின்றன. காவல் நிலையத்தில் தகவலைப் பதியும் பிரிவு 154 என்றிருந்தது இப்போது 173. நடுவர் நீதிமன்றத்தில் மனு கொடுக்கும் 156(3) என்றிருந்தது 175(3). உயர் நீதிமன்றத்துக்குப் போகும் 482 இப்போது 528. பிரிவு எண் தவறினால் புகார் செல்லாமல் போய்விடாது. ஆனாலும் சரியான எண்ணோடு வரும் மனுவை அலட்சியமாகத் தள்ளிவைக்க யாரும் யோசிப்பார்கள்.

1. ஆபத்து நேரத்தில் தாளைத் தேட வேண்டாம்

அடி விழுந்துகொண்டிருக்கும்போது மனு எழுதிக்கொண்டிருக்க முடியாது. 100 அல்லது 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பணம் இணையவழியில் பறிபோயிருந்தால் அந்த நிமிடமே 1930. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு.

காயம் பட்டிருந்தால் காவல் நிலையத்துக்கு முன் மருத்துவமனை. மதுரையில் கோரிப்பாளையம் அருகிலுள்ள அரசு ராஜாஜி மருத்துவமனை. கிராமத்துப் பக்கம் என்றால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகள். "போலீஸ் மெமோ வாங்கி வாருங்கள்" என்று யாராவது சொன்னால், அவசரச் சிகிச்சையை அதற்காக நிறுத்திவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டதை எடுத்துச் சொல்லுங்கள்.

மருத்துவர், யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், எப்போது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். இங்கே சொல்வது பின்னால் புகாரில் எழுதுவதோடு ஒத்துப்போக வேண்டும். வெட்கத்தாலோ பயத்தாலோ "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் காட்டுவது அந்த வரியாகத்தான் இருக்கும். பதிவேட்டு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, 'ஏ.ஆர். காப்பி', அதாவது அந்தப் பதிவேட்டின் நகல், கேட்டு வாங்குங்கள். அன்றே கிடைக்காவிட்டால் எண் மட்டுமாவது கையில் இருக்கட்டும்.

2. எந்த நிலையம் என்று பாருங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள்

மதுரையில் இரண்டு காவல் நிர்வாகங்கள் இருக்கின்றன. நகருக்குள் உள்ள நிலையங்கள் மாநகரக் காவல் ஆணையரின் கீழ் வருகின்றன. சுற்றியுள்ள ஊர்களின் நிலையங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருகின்றன. மேல்முறையீடு யாருக்கு அனுப்புவது என்பது இதைப் பொறுத்தது. நகரின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் சம்பவம் நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லை என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

"இது எங்கள் எல்லை இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்ப இப்போது சட்டம் இடம் தரவில்லை. பி.என்.எஸ்.எஸ். 173(1)-ன்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பெண்கள் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். ஆனால் அங்குதான் போக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

போகும் நாளையும் பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களிலும், பெரிய தலைவர்கள் வரும் நாட்களிலும் நிலையத்தில் பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். அவசரமில்லாத புகாரை அன்று எடுத்துச் சென்றால் காத்திருப்புதான் மிஞ்சும்.

3. மனுவை எழுதுவது

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த மனுக்களில் பல, பத்து வருடக் குடும்பக் கதையில் தொடங்கி, அடி விழுந்த செய்தியைக் கடைசிப் பத்தியில் சொல்லி முடிந்தன. படிக்கும் அதிகாரி முதல் பத்தியிலேயே "பணத் தகராறு, சிவில் விவகாரம்" என்று முடிவு கட்டிவிடுகிறார். அக்காவின் முதல் மனுவுக்கும் அதுதான் நேர்ந்தது. எழுதிக் கொடுத்தவர் "கொடுக்கல் வாங்கல் பிரச்சினை" என்று தலைப்பே போட்டிருந்தார். மாற்றி எழுதிய மனு இப்படித் தொடங்கியது: "இந்தத் தேதியில், மாலை 6 மணியளவில், என் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்த மூவர் என்னைக் கட்டையால் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்தனர்." கடன் விவரமும் வட்டிக் கணக்கும் அதற்குப் பின்னால் வந்தன. நடந்தது ஒன்றுதான். ஆனால் குற்றம் முதல் வரிக்கு வந்ததும் சிவில் என்ற பேச்சு நின்றது. அளவுக்கு மீறிய வட்டி வாங்குவதே தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அதில் சேர்த்தோம்.

மனுவில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், வயது, முகவரி, கைபேசி எண், சம்பவத்தின் தேதி, நேரம், இடம், செய்தவர்களின் பெயர், பெயர் தெரியாவிட்டால் அடையாளம், பார்த்தவர்கள் யார், காயம், சிகிச்சை, பதிவேட்டு எண், இழந்த பொருளும் அதன் மதிப்பும், கடைசியாக, வழக்குப் பதிவு செய்து எஃப்.ஐ.ஆர். நகல் தரும்படி ஒரு வரி. "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று மட்டும் எழுதினால், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பியதையே நடவடிக்கை என்று கணக்குக் காட்டிவிடலாம்.

தமிழில் எழுதினால் போதும். வெள்ளைத் தாளில் கையால் எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். கோபத்தில் சம்பந்தமில்லாத இன்னொருவர் பெயரைச் சேர்த்தால் முழுப் புகாரும் பலவீனமாகிவிடும்.

எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதிகாரி எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்திலும் புகார் அனுப்பலாம். மின்னணு முறையில் அனுப்பிய தகவலை 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் அது முறைப்படி பதிவாகும். இதை மறந்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம்.

மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் ஆவணம் எதையும், பத்திரமோ நகை ரசீதோ, மனுவோடு இணைக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். விசாரணைக்கு அசல் தேவையென்றால் முறையாகக் கைப்பற்றி, அதற்கான தாளைத் தந்து எடுத்துக்கொள்ளட்டும். மிரட்டல் கைபேசியில் வந்திருந்தால் அந்தச் செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழிக்காதீர்கள், கைபேசியையும் மாற்றாதீர்கள். திரையைப் படம்பிடித்து வைத்தால் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது, மூலப் பதிவு இருந்த கருவியைக் கேட்பார்கள்.

4. மனு ரசீது

மனுவை வாங்கிக்கொண்டதும் தர வேண்டிய தாள்தான் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. நிலையத்தின் பெயர், வரிசை எண், ஆண்டு, தேதி, மனுதாரர் பெயர், பெற்ற அதிகாரியின் கையெழுத்து, முத்திரை ஆகியவை அதில் இருக்கும். அக்காவுக்கு முதலில் கிடைத்தது நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு கைபேசி எண். "இது ஏட்டையாவின் நம்பர், கூப்பிட்டுக் கேளுங்கள்" என்றார்கள். அது ரசீது ஆகாது. முத்திரையும் எண்ணும் இல்லாத எந்தத் தாளும் ரசீது ஆகாது. மரியாதையாக, விடாமல் கேளுங்கள். "ஐயா, ரசீது கொடுங்கள், வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்காருங்கள். குரலை உயர்த்தினால் அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக உங்கள் மீதே வழக்கு திரும்பும் அபாயம் உண்டு.

துணைக்குப் போகும் தன்னார்வலர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் பேசட்டும், நீங்கள் அருகில் இருங்கள். நீங்கள் பேசத் தொடங்கினால் "நீ யார்?" என்ற கேள்வியில் பேச்சு திசைமாறிவிடும். நேரத்தையும், பேசிய அதிகாரியின் பெயரையும், சட்டையில் உள்ள எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருங்கள். பின்னால் பிரமாணப் பத்திரம் எழுதும்போது அந்தக் குறிப்புகள்தான் உதவும்.

ரசீது கிடைத்ததும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அடுத்த சில நாட்களில் இரு தரப்பையும் விசாரணைக்கு அழைப்பார்கள். அப்போதுதான் மிகப் பெரிய பொறி வருகிறது. "பேசித் தீர்த்துக்கொள்கிறோம், மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் கையெழுத்திட்டால் மனு முடிந்துவிடும். சமாதானம் உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமென்றால் போடுங்கள். ஊர்ப் பெரியவர் சொன்னார், கட்சிக்காரர் சொன்னார், வீட்டுக்குப் போனால் போதும் என்று தோன்றியது என்பதற்காகப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள்.

பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்டவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் சாட்சியாக விசாரிக்க நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு அதிகாரி வர வேண்டும் என்கிறது 179-ஆம் பிரிவு. "வயதானவர், வீட்டில் விசாரியுங்கள்" என்று எழுதிக் கொடுப்பதே நல்லது.

5. எஃப்.ஐ.ஆர். பதிவாக எத்தனை நாள்

பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் இருந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. புதிய சட்டம் ஒரு விலக்கைச் சேர்த்திருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ஆகவே "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலுக்கு 14 நாள் எல்லை உண்டு. அதற்கு மேலும் அதே பதில் வந்தால் அடுத்த படிக்கு நகருங்கள்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைப் புகாருக்கு முதற்கட்ட விசாரணை தேவையே இல்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது. விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலையில் இருக்க வேண்டும். அரசு உதவித்தொகையின் ஒரு பகுதி எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே கிடைக்கும், எனவே சாதிச் சான்றிதழ் நகலை முதல் நாளே கையில் வையுங்கள். பாலியல் வன்முறை போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் தகவலைப் பதியத் தவறும் அதிகாரிக்கே, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். ஜெராக்ஸ் செலவு என்று கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை. கையெழுத்திடும் முன் முழுவதையும் படியுங்கள். நீங்கள் சொன்ன ஆயுதம், சொன்ன நேரம், சொன்ன பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

6. மேலதிகாரிக்குத் தபால்

நிலையத்தில் மறுத்தால் 173(4)-ன்படி கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். மாநகர எல்லை என்றால் அழகர்கோவில் சாலையில் உள்ள மாநகரக் காவல் ஆணையருக்கு அனுப்பி, அந்தப் பகுதித் துணை ஆணையருக்கும் ஒரு நகல் போடுங்கள். புதன்கிழமைகளில் கண்காணிப்பாளர், ஆணையர் அலுவலகங்களில் நேரில் மனு வாங்குவார்கள். போகலாம், நல்லதுதான். ஆனால் நேரில் கொடுத்தாலும் தபாலில் ஒன்று அனுப்பிவிடுங்கள். நீதிமன்றத்தில் மறுக்க முடியாத சான்று தபால்தான்.

2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. பழைய நினைவில் ஒப்புகை அட்டை கேட்டு நிற்க வேண்டாம். பதிவுடன் கூடிய விரைவுத் தபால், சேர்ந்ததற்கான சான்று ஆகிய இரண்டையும் கேளுங்கள். உள்ளூருக்கு நூறு ரூபாய்க்குள் முடியும். தபால் ரசீதில் அச்சாகும் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். சேர்ந்துவிட்டது என்று இணையத்தில் காட்டும் பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள்.

திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கும் பலர் ஓடுகிறார்கள். பட்டா, ஓய்வூதியம் என்றால் அதுவே சரியான இடம். குற்றப் புகாருக்கு ஆட்சியரிடம் கொடுத்த மனு, 173(4)-க்கு மாற்றாகாது. அது சுற்றி வந்து அதே நிலையத்துக்கே வரும்; அதற்குள் வாரங்கள் போய்விடும்.

புகாரின் நிலை தெரியாமல் தவிப்பவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். "என் புகார் என்ன ஆயிற்று?" என்று பொதுவாகக் கேட்காமல், ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, விசாரித்த அதிகாரியின் பெயர், பதவி, எடுத்த முடிவு, அதன் நகல் என்று கேளுங்கள்.

7. இலவச வழக்கறிஞர்

அடுத்தது நீதிமன்றம். பணமில்லை என்று இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டாம்.

மேலூர் சாலையில் உள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதார் நகல், வருமானச் சான்று அல்லது சாதிச் சான்று, புகார், ரசீது, தபால் சான்று ஆகியவற்றோடு ஒரு வேலை நாளில் போங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தவர்கள் நகருக்கு வர வேண்டியதில்லை, வட்ட சட்டப் பணிகள் குழுவிலேயே கேட்கலாம். தொலைபேசியில் கேட்க 15100.

ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள், வேறு வழக்கறிஞரைத் தருவார்கள். இலவச வழக்கறிஞர் என்றால் அக்கறை இருக்காது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அக்காவுக்குக் கிடைத்தவர் இளம் பெண் வழக்கறிஞர். ஒவ்வொரு தாளையும் தேதி வாரியாக அடுக்கி, ஓரத்தில் எண் போட்டு, விடுபட்டது எது என்று எங்களிடம் கேட்டு வாங்கினார்.

காவல் சித்திரவதை, சாதி வன்கொடுமை போன்றவற்றில் அனுபவமுள்ள தொண்டு நிறுவனங்கள் மதுரையிலேயே இருக்கின்றன. 1995-இல் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகமும், தலித் மக்களுக்கு எதிரான வன்கொடுமைகளில் பணியாற்றும் எவிடென்ஸ் அமைப்பும் அவற்றில் முக்கியமானவை.

8. நடுவர் நீதிமன்றம்

175(3)-ன்படி குற்றவியல் நடுவரிடம் மனு. கூடவே பிரமாணப் பத்திரம் கட்டாயம். எந்தத் தேதியில் நிலையத்தில் கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் கண்காணிப்பாளருக்கு அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது என்று அதில் உறுதிமொழியாகச் சொல்ல வேண்டும். மனு ரசீதும் தபால் சான்றும் இல்லாமல் வரும் மனுக்கள் இங்கேதான் தள்ளுபடியாகின்றன. பொய்யான பிரமாணப் பத்திரத்துக்குத் தண்டனை உண்டு என்பதால், தேதி நினைவில்லையென்றால் அனுமானமாக எழுதாதீர்கள்.

புதிய சட்டப்படி நடுவர் காவல்துறையின் பதிலையும் கேட்ட பிறகே உத்தரவிடுவார். அதனால் முதல் நாளே உத்தரவு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், வாய்தாக்கள் இருக்கும். தினக்கூலிக்குப் போகிறவர்கள் எந்த வாய்தாவுக்கு நேரில் வர வேண்டும் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டால் வீணாகக் கூலி போகாது. செலவு, நோட்டரிக்கும் கட்டண வில்லைக்கும் ஜெராக்ஸுக்கும்தான்.

தாமதத்துக்கும் எல்லை உண்டு. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தை ஓராண்டுக்குள், அதற்கு மேல் 3 ஆண்டு வரை உள்ளதை 3 ஆண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தாக வேண்டும்.

நடுவரிடம் போகாமல் நேராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வி, கீழே உள்ள வழிகளை முயன்றாயா என்பதே. யாரையாவது சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். ஆட்கொணர்வு மனுவோடு நேராகப் போகலாம்.

9. புகார் காவலர் மீதே என்றால்

இரவில் ஒருவரைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று அழைப்பு வந்தால், எந்த நிலையம், யார் கூட்டிப்போனார்கள், வண்டி எண் என்ன என்பதை உடனே எழுதிவையுங்கள். 112-ஐ அழைத்துச் சொல்லுங்கள், அந்த அழைப்பின் நேரம் பதிவாகும். கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தினரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பெண்ணென்றால் அசாதாரணச் சூழல் தவிர, சூரியன் மறைந்த பின் கைது செய்யக் கூடாது.

நடுவர் முன் நிறுத்தும் அந்தச் சில நிமிடங்கள் மிக முக்கியம். அடித்தார்களா என்று நடுவர் கேட்பார். சொல்லச் சொல்லுங்கள், காயத்தைக் காட்டச் சொல்லுங்கள். கழிவறையில் வழுக்கி விழுந்ததாக எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். வழக்கறிஞர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். ரிமாண்டுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் தரும்.

அடுத்து சிசிடிவி. சாத்தான்குளத்தில் காவலர்கள் பிடித்துச்சென்ற தந்தையும் மகனும் 2020 ஜூனில் இறந்தபோது விசாரிக்கச் சென்ற நடுவர், நிலையத்துக் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக மதுரைக் கிளைக்கு அறிக்கை தந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், தொழில்நுட்பம் இடம் தராவிட்டால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நிகழ்வு நடந்த மறுநாளே தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கும்படி நிலைய அதிகாரிக்கும் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் தபால் அனுப்புங்கள்.

சென்னையில் உள்ள மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தமிழில், கட்டணமின்றி, தபாலில் புகார் அனுப்பலாம். நிகழ்வு நடந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பினால் பலம் என்று நினைக்காதீர்கள். ஓர் ஆணையம் எடுத்த புகாரை இன்னொன்று எடுக்காது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவில் காவல் புகார் ஆணையம் ஒன்றும் உண்டு. அதில் கண்காணிப்பாளரே உறுப்பினர் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க நான் சொல்ல மாட்டேன். நீதிமன்ற வழியும் கூடவே நடக்க வேண்டும். காவலர் மீதான மனுவில், 175(4)-ன்படி நடுவர் அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பு விளக்கத்தையும் கேட்பார். அதற்கு ஆகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

10. வழக்குப் பதிவான பிறகு

புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ஆம் பிரிவு. எஃப்.ஐ.ஆர். தேதியிலிருந்து தொண்ணூறாவது நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்றுவரை தகவல் வராவிட்டால் அந்தப் பிரிவைச் சுட்டி, புலனாய்வு அதிகாரிக்கு ஒரு கடிதம், கண்காணிப்பாளருக்கு நகல்.

கடைசியாக ஒரு தாள் வரக்கூடும். குற்றம் நடந்ததற்கு ஆதாரமில்லை என்று வழக்கை முடித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பும்போது, ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்திடுங்கள், தேதியையும் நீங்களே எழுதுங்கள். 'ஆட்சேபணை இல்லை' என்ற வரி அதில் இருந்தால் அடித்துவிட்டு, 'ஆட்சேபணை உண்டு' என்று எழுதிப் போடுங்கள். அன்றே வழக்கறிஞரிடம் கொண்டுபோய் அதே நடுவர் நீதிமன்றத்தில் எதிர்ப்பு மனு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அக்காவின் வழக்கிலும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தது. இரண்டாம் எதிரியின் பெயரை விட்டுவிட்டதை எதிர்ப்பு மனுவில் சுட்டிக்காட்டியதால், மேலும் விசாரிக்கும்படி நடுவர் உத்தரவிட்டார்.